புது கம்ப்யூட்டர் வாங்கினதும் வேர்டுல நான் சேர்த்து வச்சதெல்லாம் காணோம், எப்படி திரும்ப எடுக்கறது?

கேள்வி: தம்பி, சார்பதிவாளர் ஆபீஸ் எதிர்ல சின்னதா டைப்பிங் சென்டர் வச்சிருக்கேன். கிரயப் பத்திரம், தான செட்டில்மென்ட், வாடகை ஒப்பந்தம், அஃபிடவிட், மனுன்னு எல்லாமே வேர்டுலதான். பழைய மெஷின் விண்டோஸ் 7, வேர்டு 2010. ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சுன்னு எக்ஸ்சேஞ்ச்ல புதுசு வாங்கிட்டேன், விண்டோஸ் 11, ஆபீஸ் 2021. கடைப் பையன் டி டிரைவ், டெஸ்க்டாப், மை டாக்குமெண்ட்ஸ் எல்லாம் காப்பி பண்ணி கொடுத்துட்டான். ஆனா ரெண்டெழுத்து அடிச்சா முழு பாராவே வர்ற மாதிரி வருஷக்கணக்கா சேர்த்து வச்ச ஷார்ட்கட் ஒண்ணும் வரல. லெட்டர்ஹெட் இல்ல, மை டெம்ப்ளேட்ஸ் காலி, மேல நான் போட்டு வச்ச பட்டன் எல்லாம் போச்சு. பாமினி ஃபான்ட்ல அடிச்சா சில எழுத்து தானா மாறுது. ஒரு பக்கத்துல அடங்கின பத்திரம் ரெண்டாம் பக்கத்துக்கு ஓடுது. சனிக்கிழமை பழைய மெஷினை எடுத்துட்டு போக வர்றாங்க. வேர்டு ஃபோல்டரையே அப்படியே தூக்கி புதுசுல போட்டுட்டா வந்துடுமா?

பதில்: அக்கா, சனிக்கிழமை வர்றவங்ககிட்ட பழைய மெஷினை கொடுத்துடாதீங்க. பேசினபடி கொடுத்தே ஆகணும்னா உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி கையில வாங்கிட்டு மிச்சத்தை அனுப்புங்க. எக்ஸ்சேஞ்ச் விலைல கொஞ்சம் குறைப்பாங்க, குறைச்சா குறைக்கட்டும். நீங்க தேடற எதுவும் இன்னும் அழியல, எல்லாம் அந்த டிஸ்க்லயேதான் இருக்கு, டீலர் அதை ஃபார்மட் பண்ணி வேற விண்டோஸ் ஏத்தினதுக்கு அப்புறம்தான் நம்ம கையை விட்டுப் போகும். இன்னொரு காரணமும் இருக்கு, நீங்க கேக்கல ஆனா சொல்லணும், உங்க தொழில்ல அந்த டிஸ்க் முழுக்க ஊர்க்காரங்க ஆதார், பான் கார்டு, பட்டா ஸ்கேன்தான் இருக்கும், அதை சும்மா குவிக் ஃபார்மட் அடிச்சு வித்தா வாங்கறவன் ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு பாதிக்கு மேல வெளிய எடுத்துடலாம். அதனால டிஸ்க் உங்க பீரோலயே இருக்கட்டும்.

வேர்டு ஃபோல்டரை தூக்கிப் போடறது நடக்காது. புரோகிராம் ஃபைல்ஸ்குள்ள இருக்கறது வெறும் சாஃப்ட்வேர், அதுல நீங்க பண்ணின எதுவும் இல்ல, காப்பி பண்ணினாலும் புது மெஷின்ல ஓடாது. யாராவது கோஸ்ட் போட்டு பழைய விண்டோஸையே புதுசுல இறக்கித் தர்றேன்னு சொன்னாலும் வேண்டாம்னு சொல்லுங்க, புது மதர்போர்டுக்கு விண்டோஸ் 7 டிரைவர் கிடைக்கறதே கஷ்டம், மைக்ரோசாஃப்ட் அதுக்கு சப்போர்ட்டை 2020 ஜனவரி 14-லயே நிறுத்திட்டாங்க. அந்த விண்டோஸ் 7-லயே ஈஸி டிரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருந்துச்சு, செட்டிங்ஸ் எல்லாம் மூட்டை கட்டிக் கொடுக்கும், அதையும் விண்டோஸ் 10-லேர்ந்து எடுத்துட்டாங்க. ஆக கையாலதான் எடுக்கணும், பயப்படாதீங்க, உட்கார்ந்தா ஒரு சாயங்கால வேலை.

கடைப் பையன் மேல கோபப்படாதீங்க. அவன் கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் ஒழுங்காதான் காப்பி பண்ணியிருக்கான். வீடு காலி பண்ணும்போது ரூம்ல இருக்கறதை எல்லாம் ஏத்திட்டு பரண்ல இருக்கறதை மறந்துடறோம்ல, அந்தக் கதைதான். வேர்டு உங்க ஷார்ட்கட், ஸ்டைல், மேக்ரோ (பல வேலையை ஒரே தட்டுல செய்யற குட்டி புரோகிராம்), பட்டன் எதையும் டி டிரைவ்ல வைக்காது. சி டிரைவ்ல யூசர்ஸ், அதுக்குள்ள உங்க லாகின் பேர் (பழைய மெஷின்ல பாதிப் பேருக்கு அது அட்மின்னோ பிசின்னோதான் இருக்கும்), அதுக்குள்ள ஆப்டேட்டான்னு ஒரு ஃபோல்டர், அங்கதான் வைக்கும். அது மறைச்சு வச்ச ஃபோல்டர், சாதாரணமா திறந்தா தெரியவே தெரியாது. ஒன்டிரைவ் பேக்கப் ஆன் பண்ணியிருந்தேன்னு சிலர் சொல்வாங்க, அதுவும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டரைத்தான் எடுக்குமே தவிர இந்தப் பக்கமே வராது.

சரி, வேலைக்கு வருவோம். பழைய மெஷின் இன்னும் ஆன் ஆகுதுன்னா அதுல முதல்ல வேர்டை மூடுங்க, அவுட்லுக் இருந்தா அதையும் மூடுங்க. அப்புறம் விண்டோஸ் கீயோட ஆர் அழுத்தினா ஒரு சின்ன பெட்டி வரும், அதுல பர்சென்ட் குறி போட்டு ஆப்டேட்டான்னு இங்கிலீஷ்ல ஸ்பேஸ் விடாம அடிச்சு மறுபடி ஒரு பர்சென்ட் குறி போட்டு என்டர் தட்டுங்க. ரோமிங்னு ஒரு ஃபோல்டர் நேரா திறக்கும். அதுல மைக்ரோசாஃப்ட்னு இருக்கற ஃபோல்டரை முழுசா பென் டிரைவுக்கு காப்பி பண்ணிடுங்க. எது வேணும் எது வேண்டாம்னு இப்போ பார்க்காதீங்க, மொத்தமா எடுத்துட்டு அப்புறம் பொறுக்கிக்கலாம். ஏதாவது ஃபைலை காப்பி பண்ண முடியலன்னு சொன்னா ஸ்கிப் கொடுத்துட்டு போயிட்டே இருங்க.

மெஷின் ஆன் ஆகல, டிஸ்க் மட்டும்தான் கையில இருக்குன்னா ஒரு சாட்டா டு யூஎஸ்பி கேபிள் வாங்கி புது மெஷின்ல மாட்டுங்க. இங்க ஒரு குழப்பம் நிறைய பேருக்கு வரும், மேல சொன்ன பர்சென்ட் வித்தையை இப்போ புது மெஷின்ல பண்ணினா அது புது மெஷினோட ஃபோல்டரைத்தான் திறக்கும், அதைப் பார்த்துட்டு அய்யோ எல்லாம் காலின்னு உட்கார்ந்துடாதீங்க. பழைய டிஸ்க்குக்கு ஒரு டிரைவ் எழுத்து வந்திருக்கும், அதுக்குள்ள போய் யூசர்ஸ், பழைய பேர்னு நீங்களே நடந்து போகணும், வியூ மெனுல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் போட்டாத்தான் ஆப்டேட்டா கண்ணுல படும். பெர்மிஷன் இல்லன்னு கேட்டா கன்டின்யூ கொடுங்க.

இப்போ ஷார்ட்கட். இதுதான் உங்களுக்கு பணம். ஒரு விஷயம் நீங்க எழுதல, அதனால நானே ரெண்டு பக்கமும் சொல்லிடறேன். ரெண்டெழுத்து அடிச்சு ஸ்பேஸ் தட்டினதுமே பாரா விரிஞ்சுதா, இல்ல எஃப்3 தட்டினதுக்கு அப்புறம் விரிஞ்சுதா? ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் வேர்டு வேற வேற இடத்துல வைக்குது.

ஸ்பேஸ்ல விரிஞ்சா அது ஆட்டோகரெக்ட். இதுலயே ரெண்டு ஜாதி. பிளெய்ன் டெக்ஸ்ட்டா சேர்த்தது, அதாவது 255 எழுத்துக்குள்ள இருக்கற சின்னச் சின்னது, அதெல்லாம் ரோமிங், மைக்ரோசாஃப்ட், ஆபீஸ்ங்கற ஃபோல்டர்ல எம்எஸ்ஓன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பரோட ஏசிஎல்னு முடியற ஃபைல்ல இருக்கும். ஃபார்மட்டட் டெக்ஸ்ட்டா சேர்த்தது, அதாவது பாமினி ஃபான்ட், போல்டு, அலைன்மென்ட் எல்லாத்தோடயும் சேர்த்து வச்ச நீளப் பாரா, அது அந்த ஃபைல்ல இருக்காது, நார்மல் டாட்எம்ங்கற டெம்ப்ளேட்குள்ள போயிருக்கும். இது தெரியாம ஏசிஎல் ஃபைலை மட்டும் காப்பி பண்ணிட்டு சின்னது எல்லாம் வந்துடுச்சு, பெருசு மட்டும் வரலையேன்னு தலையைப் பிச்சுக்கறவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன். “மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை”ன்னு ஆரம்பிச்சு அரைப் பக்கம் ஓடற பாரா எல்லாம் உங்களுக்கு நிச்சயமா இந்த ரெண்டாவது ஜாதிதான்.

அந்த நம்பர் என்னன்னு கேப்பீங்க, அது மொழியோட நம்பர். 1033 அமெரிக்க இங்கிலீஷ், 16393 இந்திய இங்கிலீஷ், 1097 தமிழ். பாமினில அடிச்சா திரையில தமிழ் தெரிஞ்சாலும் வேர்டைப் பொறுத்தவரை அது இங்கிலீஷ் எழுத்துதான், அதனால உங்க ஷார்ட்கட் எல்லாம் 1097-ல இருக்காது, 1033-லயோ 16393-லயோதான் இருக்கும். சைஸ் பெருசா, கடைசியா மாத்தின தேதி சமீபத்துல இருக்கறது எதுவோ அதுதான் உங்களுது, புதுசுல அதே ஆபீஸ் ஃபோல்டர்ல அதை வைங்க. பழைய மெஷின்ல அமெரிக்க இங்கிலீஷ் செட் ஆகியிருந்து புதுசுல இந்திய இங்கிலீஷ் இருந்துச்சுன்னா ஃபைலை சரியான இடத்துல போட்டும் ஒண்ணும் வராது, ஏன்னா வேர்டு 16393-ஐத் தேடும், நீங்க வச்சது 1033. அப்போ அதை ஒரு காப்பி எடுத்து பேர்ல இருக்கற நம்பரை மட்டும் மாத்தி அங்கயே வச்சா போதும்.

எஃப்3-ல விரிஞ்சா அது ஆட்டோடெக்ஸ்ட் இல்லன்னா குவிக் பார்ட்ஸ். ஆட்டோடெக்ஸ்ட்ன்னா அதே நார்மல் டாட்எம்குள்ள. குவிக் பார்ட்ஸ்ன்னா ரோமிங், மைக்ரோசாஃப்ட், டாக்குமெண்ட் பில்டிங் பிளாக்ஸ், 1033, அதுக்குள்ள 14-ன்னு ஒரு ஃபோல்டர், அதுல பில்டிங் பிளாக்ஸ்ங்கற ஃபைல். 14-ங்கறது ஆபீஸ் 2010-ஓட உள் நம்பர். புது மெஷின்ல 2021-க்கு அது 16. அதனால 14 ஃபோல்டரையே கொண்டு போய் வச்சா வேர்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, உள்ள இருக்கற ஃபைலை மட்டும் எடுத்து வேற பேர் வச்சு, பழையதுன்னு வச்சுக்கோங்களேன், 16-க்குள்ள போடணும். உங்க லெட்டர்ஹெட்டை ஹெடர் கேலரில சேவ் பண்ணி வச்சிருந்தீங்கன்னா அதுவும் பெரும்பாலும் இதே ஃபைல்லதான் இருக்கும்.

நார்மல் டாட்எம் ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர்ல இருக்கும். வேர்டு விஷயத்துல ஒரே ஒரு ஃபைலைத்தான் காப்பாத்த முடியும்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் எடுப்பேன், ஏன்னா உங்க ஸ்டைல், மார்ஜின், மேக்ரோ, நீங்களா வச்ச கீபோர்டு ஷார்ட்கட், அந்த நீள ஆட்டோகரெக்ட், ஆட்டோடெக்ஸ்ட் எல்லாம் ஒரே மூட்டையா இதுக்குள்ள. புது மெஷின்ல அதே ஃபோல்டருக்குப் போய் அங்க இருக்கற நார்மல் டாட்எம்முக்கு வேற பேர் வச்சுட்டு (அழிக்காதீங்க, இருக்கட்டும்) பழையதைக் கொண்டு வந்து வைங்க. திரும்பவும் சொல்றேன், வேர்டு மூடியிருக்கணும். திறந்து வச்சுக்கிட்டே மாத்தினா, வேர்டை மூடும்போது அது கையில வச்சிருக்கற புதுசை உங்க பழையது மேலயே எழுதிட வாய்ப்பு இருக்கு, அப்புறம் நான் சொன்னது வேலை செய்யலன்னு எனக்கே லெட்டர் போடுவீங்க. அதனால பென் டிரைவ்ல இருக்கற காப்பியைத் தொடாம அப்படியே வைங்க.

இதை மாத்தினதும் புது டாக்குமெண்ட் திறந்தா மேல டைட்டில்ல கம்பேட்டிபிலிட்டி மோடுன்னு காட்டலாம். டெம்ப்ளேட் 2010-ல பண்ணினதுங்கறதால அப்படி, பழுது ஒண்ணும் இல்ல. ஃபைல், இன்ஃபோல போய் கன்வெர்ட் கொடுத்தா போயிடும்னு யாராவது சொல்வாங்க, உண்மைதான் போயிடும், ஆனா கன்வெர்ட் பண்ணினா லைன் இடைவெளி லேசா நகரலாம், முத்திரைத்தாள்ல மேல பாதியை விட்டு கீழேர்ந்து அடிக்கற உங்க வேலைக்கு அது ஆகாது. அப்படியே விடுங்க.

மை டெம்ப்ளேட்ஸ்ல இருந்ததெல்லாம் அதே டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர்லயே இருக்கும், தொலையல. வேர்டு 2013-லேர்ந்து அதைக் காட்டற விதத்தை மாத்திட்டாங்க. டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு டெம்ப்ளேட் எல்லாத்தையும் அங்க கொட்டுங்க, நார்மலை மட்டும் விட்டுடுங்க. அப்புறம் வேர்டு ஆப்ஷன்ஸ்ல சேவ்ங்கற பக்கத்துல டீஃபால்ட் பெர்சனல் டெம்ப்ளேட்ஸ் லொக்கேஷன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல அந்த ஃபோல்டரோட பாதையைக் கொடுத்துட்டீங்கன்னா நியூ கொடுக்கும்போது பெர்சனல்னு ஒரு டேப் வரும், எல்லாம் அங்க வரிசையா நிக்கும். அதுல மேக்ரோ இருக்கற டெம்ப்ளேட் இருந்தா டிரஸ்ட் சென்டர்ல டிரஸ்டட் லொக்கேஷன்ஸ்ல இந்த ஃபோல்டரையும் சேர்த்துடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் மஞ்சப் பட்டி காட்டி அனுமதி கேட்டுட்டே இருக்கும். இதையெல்லாம் பென் டிரைவ்லயே கொண்டு வாங்க. வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ உங்களுக்கு நீங்களே அனுப்பி இறக்கினா விண்டோஸ் அதை இன்டர்நெட்லேர்ந்து வந்ததுன்னு முத்திரை குத்திடும், 2022-லேர்ந்து அப்படி வந்த மேக்ரோவை ஆபீஸ் பல வெர்ஷன்ல ஒரேயடியா தடுத்துடுது, சிவப்பா பட்டி வரும். வந்துட்டா ஃபைல் மேல ரைட் கிளிக், பிராபர்டீஸ், அன்பிளாக்.

மேல இருந்த பட்டன் எல்லாத்துக்கும் பழைய மெஷின் ஓடறப்பவே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. வேர்டு 2010-ல ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன், கீழ இம்போர்ட் எக்ஸ்போர்ட்னு இருக்கும், அதுல எக்ஸ்போர்ட் கொடுத்தா ஒரே ஒரு குட்டி ஃபைல் வரும், புதுசுல அதே இடத்துல இம்போர்ட். நார்மல் டாட்எம்மை முதல்ல மாத்திட்டு அதுக்கு அப்புறம்தான் இதைப் பண்ணணும், ஏன்னா பட்டன் வெறும் பட்டன், அது கூப்பிடற மேக்ரோ நார்மல்குள்ள இருக்கு. மெஷின் ஓடலன்னா ஆப்டேட்டாவுல ரோமிங் பக்கத்துலயே லோக்கல்னு ஒரு ஃபோல்டர், அதுல மைக்ரோசாஃப்ட், ஆபீஸ்குள்ள வேர்டு டாட் ஆபீஸ்யூஐன்னு ஒரு ஃபைல் இருக்கும், அதைப் புதுசுல அதே இடத்துல வைங்க.

இப்போ பாமினி. இது காப்பி பண்ணி தீர்ற சமாச்சாரம் இல்ல, இதுதான் எனக்கு கவலை. பாமினில சின்ன எம் அடிச்சா அ, பெரிய எம் அடிச்சா ஆ. சின்ன வி எ, பெரிய வி ஏ. சின்ன சி உ, பெரிய சி ஊ. வேர்டு புதுசா போட்டா வாக்கியத்தோட முதல் எழுத்தை பெரிய எழுத்தாக்கற செட்டிங் ஆன்லதான் இருக்கும், அது பாட்டுக்கு முற்றுப்புள்ளிக்கு அப்புறம் வர்ற சின்ன எம்மை பெரிய எம் ஆக்கிடும். அவர் ஆவர் ஆகும், எதிர் ஏதிர் ஆகும், ஒரு ஓரு ஆகும். அமுதான்னு ஒரு பேர் வரி ஆரம்பத்துல வந்து ஆமுதான்னு ரிஜிஸ்டர் ஆச்சுன்னா அதுக்கு ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் போடணும், அந்த அலைச்சல் எல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். பழைய மெஷின்ல யாரோ என்னைக்கோ இதை ஆஃப் பண்ணிக் கொடுத்திருப்பாங்க, நீங்க மறந்தே போயிருப்பீங்க. இந்த ஆன் ஆஃப் எல்லாம் விண்டோஸ் தன் செட்டிங்கை வைக்கற ரெஜிஸ்ட்ரில உட்கார்ந்திருக்கு, நார்மல்குள்ள இல்ல, 2010 ரெஜிஸ்ட்ரியை எடுத்து 2021-ல திணிக்கறது சரியா வராது, கையால ஆஃப் பண்றது ரெண்டு நிமிஷ வேலை.

ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். முதல் டேப்ல கேப்பிடல் சம்பந்தமா இருக்கற டிக் எல்லாத்தையும் எடுத்துடுங்க, ரெண்டு பெரிய எழுத்து அடுத்தடுத்து வந்தா திருத்தறது, டேபிள் கட்டத்தோட முதல் எழுத்து, கிழமைப் பேர், கேப்ஸ் லாக், எல்லாம். ஆனா அதுக்குக் கீழ ரீப்ளேஸ் டெக்ஸ்ட் ஆஸ் யூ டைப்னு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் தொடாதீங்க, அதை எடுத்தா உங்க ஸ்பேஸ் ஷார்ட்கட் அத்தனையும் படுத்துடும். பாமினி பிரச்சனைக்கு நெட்ல தேடினா எல்லா டிக்கையும் எடுங்கன்னு மொத்தமா சொல்லிட்டு போயிடறாங்க, அதை அப்படியே செஞ்சுடாதீங்க. அடுத்து ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்ங்கற டேப்ல ஸ்மார்ட் கோட்ஸ், ஹைபன், ஃபிராக்ஷன், ஆர்டினல் எல்லாத்தையும் ஆஃப். ஸ்பெல்லிங் செக்கையும் நிறுத்துங்க, பாமினி பாராவுக்கு அடியில சிவப்புக் கோடு ஓடறதைப் பார்த்துக்கிட்டே நாள் முழுக்க யாரால அடிக்க முடியும். பழைய மெஷின் இன்னும் இருக்கறதால ஒரு வேலை பண்ணுங்க, வேர்டு ஆப்ஷன்ஸ்ல ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, ஆட்டோகரெக்ட்ல ஒவ்வொரு டேப்பும் சேர்த்து. காப்பி பண்ண முடியாததுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

ஒரு பக்கம் ரெண்டு பக்கமா ஓடறதுக்கு வருவோம். அது பெரும்பாலும் ஃபான்ட். நெட்லேர்ந்து புதுசா பாமினி இறக்கிப் போட்டிருப்பாங்கன்னு நினைக்கறேன். பாமினின்னு அதே பேர்ல வேற வேற ஃபைல் சுத்திட்டு இருக்கு, எழுத்தோட அகலம் ஒண்ணுக்கு ஒண்ணு கொஞ்சம் வித்தியாசப்படும், ஒரு வரில அரை மில்லிமீட்டர் மாறினா போதும், கடைசி வார்த்தை கீழ இறங்கும், பக்கம் முழுக்க சேர்ந்து கையெழுத்து வரி அடுத்த பக்கத்துக்குப் போயிடும். அதனால பழைய சி டிரைவ்ல விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டர்லேர்ந்து உங்க பழைய ஃபைலையே எடுங்க. புதுசுல அதை டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுக்காதீங்க, ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் கொடுங்க. விண்டோஸ் 10-ல நடுவுல வந்த ஒரு அப்டேட்லேர்ந்து சும்மா இன்ஸ்டால் கொடுத்தா அது அந்த ஒரு லாகினுக்கு மட்டும்தான் போகுது, சில பழைய சாஃப்ட்வேருக்கு அந்த ஃபான்ட் கண்ணுலயே படாது. நெட்ல இறக்கினது ஏற்கனவே இருந்தா முதல்ல அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் பழையதைப் போடுங்க.

யூனிகோடுல லதா ஃபான்ட் வச்சு அடிச்ச டாக்குமெண்டும் இருந்தா அதுக்குக் காரணம் வேற. விண்டோஸ் 7-ல லதா கூடவே வந்துச்சு, இப்போ வர்ற விண்டோஸ்ல அதைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க, அது இல்லன்னா விண்டோஸ் பெரும்பாலும் நிர்மலான்னு இன்னொரு ஃபான்டை வச்சு காட்டும், மேலோட்டமா பார்த்தா வித்தியாசம் தெரியாது, பக்கம் மட்டும் ஓடும். செட்டிங்ஸ்ல ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்னு தேடி, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்தீங்கன்னா லதா வந்துடும், நெட் கனெக்ஷன் இருக்கணும், அவ்வளவுதான்.

அப்புறமும் ஓடினா பிரின்டரைப் பாருங்க. மார்ஜின் டெம்ப்ளேட்லயே வந்துடும், ஆனா முத்திரைத்தாளுக்குன்னு நீங்க தனியா ஒரு பேப்பர் சைஸ் உருவாக்கி வச்சிருந்தா அது வேர்டுல இல்ல, அந்த மெஷினோட பிரின்டர் செட்டிங்ல இருக்கு, கூட வராது. பழைய மெஷின்ல அந்த அகலம் உயரம் ரெண்டையும் ஒரு சீட்டுல எழுதிக்கிட்டு புதுசுல அதே பேர்ல மறுபடி உருவாக்குங்க. முதல் நாள் பிரின்ட் எல்லாத்தையும் வெள்ளைப் பேப்பர்ல போட்டு, மேல ஒரு பழைய முத்திரைத்தாள் ஜெராக்ஸை வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, இடம் சரியா உட்கார்ந்துச்சுன்னா அப்புறம் நிஜத்தாளை உள்ள விடலாம்.

பழைய வேர்டுல இன்னொரு வசதி இருக்கு, பல பேருக்குத் தெரியாது. பிரின்ட்ல போய் பிரின்ட் ஆல் பேஜஸ்னு இருக்கற இடத்தை அழுத்தினா ஒரு லிஸ்ட் இறங்கும், அதுல கீழ ஆட்டோடெக்ஸ்ட் என்ட்ரீஸ், கீ அசைன்மென்ட்ஸ், ஸ்டைல்ஸ்னு இருக்கும். ஆட்டோடெக்ஸ்ட் என்ட்ரீஸ், கீ அசைன்மென்ட்ஸ் ரெண்டையும் பிரின்ட் போட்டு வச்சுக்கோங்க. என்னென்ன வந்துச்சு, எது வரலன்னு புதுசுல சரிபார்க்க அந்தப் பேப்பர்தான் கணக்கு. வருஷக்கணக்கா சேர்த்ததுல பாதி உங்களுக்கே ஞாபகம் இருக்காது, விரல்தான் ஞாபகம் வச்சிருக்கும், அது அடிக்கும்போதுதான் காணோம்னு தெரியும், அதுக்குள்ள டிஸ்க் கைமாறிப் போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குத்தான் குறைஞ்சது ஆறு மாசமாவது டிஸ்க் உங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்றேன்.

கணக்குக்கு எக்ஸெல்ல ரெக்கார்டு பண்ணின மேக்ரோ ஏதாவது இருந்தா அது ரோமிங், மைக்ரோசாஃப்ட், எக்ஸெல், எக்ஸ்எல்ஸ்டார்ட்ல பெர்சனல்ங்கற பேர்ல இருக்கும், அதே இடத்துல வச்சா சரி. மேக்ரோ யாராவது எழுதிக் கொடுத்ததா இருந்து புதுசுல ஓட்டும்போது டிக்ளேர் வரியை அப்டேட் பண்ணுங்கன்னு எரர் வந்தா, புது ஆபீஸ் 64 பிட், மேக்ரோ 32 பிட் காலத்துல எழுதினதுன்னு அர்த்தம், எழுதினவர்கிட்ட காட்டுங்க, அந்த ஒரு வரில பிடிஆர்சேஃப்னு ஒரு வார்த்தை சேர்க்கணும், சில இடத்துல அது கூட இன்னும் கொஞ்சம் மாத்தணும், தெரிஞ்சவருக்கு சின்ன வேலை. தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் எதையும் ஃபோல்டரா காப்பி பண்ணாதீங்க, எல்லாத்தையும் புதுசா இன்ஸ்டால் பண்றதுதான் சரி, யூஎஸ்பி டாங்கிள் (பென் டிரைவ் மாதிரி இருக்கற லைசன்ஸ் சாவி) போட்டு வாங்கின ஃபான்ட் பேக்கேஜ் இருந்தா அந்த டாங்கிளை பழைய கேபினெட் பின்னாடியே விட்டுடாதீங்க.

இனிமே மாசத்துக்கு ஒரு தடவை ரோமிங்ல மைக்ரோசாஃப்ட்குள்ள இருக்கற டெம்ப்ளேட்ஸ், ஆபீஸ், டாக்குமெண்ட் பில்டிங் பிளாக்ஸ் மூணு ஃபோல்டரையும் டி டிரைவ்ல ஒரு இடத்துக்கும் ஒரு பென் டிரைவுக்கும் காப்பி பண்ணிடுங்க. வேர்டை மூடிட்டு பண்ணுங்க, சாதாரணமா பென் டிரைவ்ல ஒரு மூலைகூட நிறையாது. கடைல வேலை செய்யற பொண்ணு யாராவது இருந்தா அந்தப் பொண்ணுக்கும் காட்டிக் கொடுத்துடுங்க.

எல்லாம் முடிச்சும் நீளப் பாரா மட்டும் வரலன்னா புது மெஷின்ல நார்மல் டாட்எம் இருக்கற ஃபோல்டரைத் திறந்து அதோட சைஸும் தேதியும் பாருங்க. பென் டிரைவ்ல இருக்கற காப்பியைவிட ரொம்ப சின்னதா, இன்னைக்குத் தேதியோட இருந்தா வேர்டு உங்களுதை ஓரம் கட்டிட்டு புதுசா ஒண்ணு உருவாக்கிடுச்சுன்னு அர்த்தம், வேர்டை மூடிட்டு மறுபடி வைங்க. சைஸ் சரியா இருந்தும் வரலன்னா அந்த ஃபோல்டரை போட்டோ எடுத்து அதையும் ஆபீஸ் ஃபோல்டர்ல இருக்கற ஏசிஎல் ஃபைல் லிஸ்ட் போட்டோவையும் எனக்கு அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்.